எரியும் பாதத்துக்குச் சாட்சி யார்?

தமிழில் ஒற்றை விகுதியே ஒருவரின் சொல்லைச் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும். ‘அவளுக்குப் பாதம் எரிகிறது’ என்றால் அது செய்தி. ‘அவளுக்குப் பாதம் எரிகிறதாம்’ என்றால் செய்தி ஓரடி தள்ளி நிற்கிறது. எரிச்சலுக்குச் சொல்பவர் பொறுப்பில்லை, அவளே பொறுப்பு. பிறர் சொல்லக் கேட்டதைக் காட்டுவது அந்த ‘ஆம்’ என்று இலக்கணம் படித்தவர்கள் சொல்வார்கள். வீட்டுப் பேச்சில் அது இன்னும் கொஞ்சம் அதிகமாகவே வேலை செய்யும். ‘காலைல எந்திரிச்சா தரையில கால் வைக்க முடியலையாம், போர்வை பட்டாலே குத்துதாம்’ என்று அடுக்கும்போது குரல் ஏறி இறங்கும் விதத்திலேயே தீர்ப்பு வந்துவிடும். மருத்துவமனைக் குறிப்பேடுகள் இதையே ஆங்கிலத்தில் நாகரிகமாகச் செய்கின்றன: நோயாளி வலி இருப்பதாக ‘கம்ப்ளெயின்’ செய்கிறார், காய்ச்சல் இருந்ததை ‘டினை’ செய்கிறார். கோர்ட்டுக் கூண்டில் ஏற்றிய ஆளைப் பற்றி எழுதுவது போல. ஃபைப்ரோமயால்ஜியாவோடு வாழ்பவர்கள் பெரும்பாலும் இந்த ‘ஆம்’ விகுதிக்குள்தான் வாழ்கிறார்கள். அவர்களில் பலருக்குப் பாதத்தில் எரிச்சலும் குத்தலும் மதமதப்பும் உண்டு. பாதத்தைப் பார்த்தாலோ வீக்கமில்லை, சிவப்பில்லை, புண்ணில்லை. ஒருவர் உடம்பிலுள்ள வலிக்கு அவர் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லாதபோது அந்தச் சொல்லை என்னவென்று கொள்வது? மருத்துவக் கேள்வி போலத் தெரிகிற இது, உண்மையில் அளவை பற்றிய கேள்வி. எதை வைத்து எதை அறிகிறோம், எந்த அறிவுக்கு எந்த அறிவைத் தள்ளிவிடும் உரிமை உண்டு என்ற பழைய கேள்வி.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் பரவலான வலி, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மங்கிப்போகும் கவனம் ஆகியவை ஃபைப்ரோமயால்ஜியாவின் அடையாளங்கள். பெண்களிடம் அதிகம் காணப்படுகிறது. ரத்தச் சோதனையிலோ எக்ஸ்ரேயிலோ பிடிபடாது. 1990-இல் அமெரிக்க வாதநோய் மருத்துவர் கழகம் வகுத்த அளவுகோலின்படி, உடம்பில் குறித்துவைத்த 18 இடங்களில் மருத்துவர் கட்டைவிரலால் ஏறக்குறைய 4 கிலோ அழுத்தம் கொடுத்துப் பார்ப்பார். 11 இடங்களிலாவது வலிக்கிறது என்று நோயாளி சொல்ல வேண்டும். 2010-இல் அழுத்திப் பார்ப்பதையும் விட்டுவிட்டு, 19 உடற்பகுதிகளில் எங்கெங்கே வலி என்று கேட்டு எண்ணும் முறைக்கு வந்தார்கள். இந்த இரண்டு முறைக்கும் நடுவே ஒரு வேடிக்கை இருக்கிறது. கட்டைவிரல் அழுத்தம் ஏதோ புறச்சான்று போலத் தோன்றியது. ஆனால் அழுத்தியபின் மருத்துவர் காத்திருந்ததும் நோயாளியின் ஒரு சொல்லுக்காகத்தான்.

பாதத்துக்கு வருவோம். இடுப்பு மட்டத்தில், முதுகுத்தண்டை ஒட்டிய முடிச்சில் உட்கார்ந்திருக்கும் ஒரு நரம்பணு, ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளத்துக்குத் தன் இழையை நீட்டிக் கால்விரல் நுனியின் தோலைத் தொடுகிறது. இழைக்கு வேண்டிய சரக்கில் பெரும்பகுதி மேலே தயாராகி அவ்வளவு தூரம் போய்ச் சேர வேண்டும். கால்வாயின் கடைமடை மாதிரிதான். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அங்கே. சர்க்கரை நோயில் பாதம் முதலில் எரியத் தொடங்குவதும் இதனால்தான். தமிழ்நாட்டில் யாராவது கால் எரிகிறது என்றால் எதிரிலிருப்பவர் உடனே கேட்பது ‘சுகர் இருக்கா?’ என்று. சரியான கேள்விதான். சுகர் இல்லை என்று ரிப்போர்ட் வந்ததும் எரிச்சலும் இல்லை என்று முடிவு கட்டுவதுதான் விபரீதம். கொஞ்சம் பொறுமையுள்ள மருத்துவர் அடுத்து நரம்புக் கடத்தல் சோதனைக்கு எழுதுவார். காலில் மின்தூண்டல் கொடுத்து, அது நரம்பில் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கும் சோதனை. அது அளப்பது தடித்த, உறை போர்த்திய இழைகளை. நொடிக்கு 40, 50 மீட்டர் ஓடுபவை, தொடுதலையும் அதிர்வையும் தசைக்கான கட்டளையையும் சுமப்பவை. எரிச்சலையும் சூட்டையும் சுமக்கும் மெல்லிய இழைகளில் பலவற்றுக்கு உறையே கிடையாது. நொடிக்கு ஒரு மீட்டர் அளவில் ஊர்ந்து போகின்றன. அவற்றின் குரல் அந்தக் கருவியின் காதுக்கு எட்டாது. ரிப்போர்ட்டில் ‘நார்மல்’ என்று வரும். ‘நரம்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு, ஒண்ணுமில்லை’ என்ற வாக்கியமும் கூடவே வரும்.

இந்த ‘ஒண்ணுமில்லை’ எந்த வகை அறிவு? நம் நாட்டுத் தருக்க நூலோர் ஒரு பொருளின் இன்மையை எப்படி அறிகிறோம் என்று நூற்றாண்டுகளாகச் சண்டை போட்டிருக்கிறார்கள். பதின்மூன்றாம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் எழுதிய சிவஞான சித்தியார், அளவைகளைப் பட்டியலிடும்போது ‘அபாவம்’ என்று இதையும் சேர்த்துச் சொல்கிறது. தரையில் பானை இல்லை என்பதை, பானை தென்படாததால் அறிகிறோம். ஆனால் இந்த அறிவுக்கு ஒரு நிபந்தனை உண்டு என்று மீமாம்சகரும் நையாயிகரும் வற்புறுத்தினார்கள். பானை இருந்திருந்தால் தென்பட்டிருக்கும் என்ற நிலைமை இருக்க வேண்டும். வெளிச்சமான அறையில் பானையைக் காணோம் என்றால் பானை இல்லை. இருட்டறையில் காணோம் என்றால் நமக்குத் தெரிந்தது இருட்டு மட்டும்தான். கடத்தல் சோதனை நார்மல் என்பதால் பாதத்தின் நுண்நரம்புகள் நலம் என்று சொல்பவர் இருட்டறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் பானைக்குச் சாவுச் சான்றிதழ் எழுதுகிறார். அவர் அறிவியலின் பேரால் பேசினாலும் செய்திருப்பது தருக்கப் பிழை. சோதனையின் மேல் குற்றமில்லை. அது பார்க்கச் சொன்னதைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது.

பிறகு அறைக்குள் ஒரு விளக்கு வந்தது. கணுக்காலுக்கு 10 சென்டிமீட்டர் மேலே 3 மில்லிமீட்டர் அகலத்துக்குத் தோலை எடுத்து, நரம்பிழைகளுக்கு மட்டும் நிறமேற்றி, மேல்தோலுக்குள் நுழையும் இழைகளை நுண்ணோக்கியில் ஒவ்வொன்றாக எண்ணும் பயாப்ஸி அது. 2013-இல் பாஸ்டனில் ஆன் லூயிஸ் ஓக்லாண்டரின் குழு ஃபைப்ரோமயால்ஜியா உள்ள 27 பேரையும் நோயில்லாத 30 பேரையும் இப்படிச் சோதித்தது. நோயாளிகளில் 41 சதவீதத்தினருக்கு நுண்நரம்புச் சிதைவு என்று சொல்லும் அளவுக்கு இழைகள் குறைந்திருந்தன. மற்றவர்களில் 3 சதவீதம். அதே ஆண்டு ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் நூர்ஜான் உச்செய்லரின் குழு இன்னொரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டது. மனச்சோர்வு இருந்து வலி இல்லாதவர்களையும் ஒப்பிட்டார்கள். நுண்நரம்புக் கோளாறு வலிக்காரர்களிடமே தென்பட்டது. ‘எல்லாம் டிப்ரெஷன்’ என்ற சுருக்குவழிக்கு அங்கே இடமில்லாமல் போனது. 2021-இல் இங்கிலாந்திலும் சுவீடனிலும் உள்ள ஆய்வாளர்கள், நோயாளிகளின் ரத்தத்திலிருந்து பிரித்த எதிர்ப்புப் புரதங்களை எலிகளுக்குச் செலுத்திப் பார்த்தார்கள். எலிகள் லேசான அழுத்தத்துக்கும் குளிருக்கும் பாதத்தை இழுத்துக்கொண்டன. அவற்றின் தோலிலும் நரம்பிழைகள் குறைந்தன. எலிக்கு மாமியார் இல்லை, விடுப்புக் கேட்க அலுவலகமும் இல்லை.

இவ்வளவு சொன்னதும் வாதம் முடிந்துவிட்டது போலத் தோன்றும். இதோ சான்று, இனி நம்புங்கள் என்று சொல்லிவிடலாம். பெரும்பாலான கட்டுரைகள் அங்கேதான் நிற்கின்றன. நோயாளிகளுக்கும் அந்த இடம் நிம்மதியாக இருக்கிறது. எனக்கு அது வழுக்குப் பாறையாகப் படுகிறது. 41 சதவீதம் என்றால் மீதி 59 சதவீதம் என்ன ஆவார்கள்? அவர்களுக்கும் வலிக்கிறது, பயாப்ஸியில் இழைகள் சரியான எண்ணிக்கையில் இருக்கின்றன. பயாப்ஸிதான் வலியை மெய்யாக்குகிறது என்று ஒப்புக்கொண்டால், நேற்றுவரை எல்லோர் மேலும் பரவியிருந்த சந்தேகத்தை இன்று திரட்டிப் பாதிப்பேர் தலையில் கொட்டுகிறோம். பழைய அநியாயத்துக்குப் புது நுண்ணோக்கி. போதாக்குறைக்கு, இழைகள் குறைந்தும் வலியே இல்லாதவர்கள் இருக்கிறார்கள். இழை குறைந்தால் மதமதப்பு வர வேண்டியதுதானே, எரிச்சல் ஏன் வருகிறது என்ற கேள்வியும் முழுதாகத் தீரவில்லை. எஞ்சிய இழைகள் தூண்டுதல் இல்லாமலே துடிப்பதை நுண்மின்முனைகளால் பதிவு செய்திருக்கிறார்கள். அது விடையின் ஒரு பகுதி. இன்னொரு குழு எலிகளின் மூளையில் வலியோடு தொடர்புடைய ஒரு மடிப்பில் வேதிச்சமநிலையை மாற்றிப் பார்த்தபோது பாதத்தோலில் நரம்பிழைகள் குறைந்தன. அப்படியானால் கோளாறு பாதத்திலிருந்து மூளைக்குப் போகிறதா, மூளையிலிருந்து பாதத்துக்கு இறங்குகிறதா? இரண்டும் நடக்கக்கூடும். உடம்பா மனசா என்று கேட்டு ஒன்றுக்கு டிக் போடச் சொல்லும் படிவம் இங்கே உதவாது.

ஆகவே வலியின் மெய்ம்மையை வேறிடத்தில் ஊன்ற வேண்டும். சிவஞான சித்தியார் மறுபடி கைகொடுக்கிறது. பத்து அளவைகளைச் சொல்லி, அவை எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றில் அடங்கும் என்கிறார் அருணந்தியார். காட்சியை நான்காகப் பிரிக்கிறார்: இந்திரியக் காட்சி, மானதக் காட்சி, தன்வேதனைக் காட்சி, யோகக் காட்சி. ஏழாம் நூற்றாண்டின் பௌத்தத் தருக்கவாதி தர்மகீர்த்தியும் நேரறிவை இதே நான்காகத்தான் பிரித்திருந்தார். எதிர்க்கட்சியாரிடமிருந்து ஒரு நல்ல கருவியை எடுத்துக்கொள்ளச் சைவருக்குக் கூச்சமிருக்கவில்லை. தன்வேதனைக் காட்சி என்பது இன்பதுன்பங்களை உயிர் தனக்குள் நேரே உணர்வது. இன்று ‘வேதனை’ என்றால் துன்பம் மட்டும்தான். சொல்லின் வேரோ அறிதல். வேதம் பிறந்த அதே வேர். வலிப்பதும் வலிப்பதை அறிவதும் இரண்டு நிகழ்ச்சிகள் இல்லை என்பதை அந்தச் சொல்லே சுமந்துகொண்டிருக்கிறது. கண்ணுக்கும் பானைக்கும் நடுவே இருட்டு வரலாம், தூரம் வரலாம். உயிருக்கும் அதன் எரிச்சலுக்கும் நடுவே வர எதுவுமில்லை.

இந்த வகைப்பாட்டை வைத்துக்கொண்டு மருத்துவமனை அறையைப் பார்த்தால், யார் எந்த அளவையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பது மாறித் தெரியும். வழக்கமான எண்ணம், மருத்துவரிடம் காட்சி இருக்கிறது, நோயாளியிடம் வெறும் பேச்சு இருக்கிறது என்பது. உண்மையில் காட்சி நோயாளியிடம். மருத்துவரிடம் இருப்பது கருதல்; புகையைப் பார்த்து நெருப்பை ஊகிப்பது போல, இழை எண்ணிக்கையைப் பார்த்து வலியை ஊகிப்பது. புகை தெரியவில்லை என்பதால், நெருப்பில் கை வைத்திருப்பவரிடம் நெருப்பில்லை என்று யாரும் வாதாட முடியாது. அந்தக் கருதலும் ஆதியில் நோயாளிகளின் சொல்லிலிருந்து கட்டப்பட்டதுதான். மூளையின் ஒரு பகுதி ஸ்கேனில் ஒளிர்ந்தால் அது வலியின் அடையாளம் என்று எப்படித் தெரிந்தது? முன்பு ஒருவர் ஸ்கேன் கருவிக்குள் படுத்துக்கொண்டு ‘இப்போது வலிக்கிறது’ என்று சொன்னபோது அது ஒளிர்ந்ததால். நரம்பு வலியைக் கண்டுகொள்ள உலகமெங்கும் பயன்படும் டி.என்.4 என்ற வினாப்பட்டியலில் பத்துக் கேள்விகள். ஏழு நோயாளியின் உணர்வைப் பற்றியவை: எரிகிறதா, சில்லென்று வலிக்கிறதா, ஷாக் அடிப்பது போல் இருக்கிறதா, எறும்பு ஊர்கிறதா, ஊசி குத்துகிறதா, மரத்துப் போகிறதா, அரிக்கிறதா. பத்தில் நான்குக்கு ஆம் என்றால் நரம்பு வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். சொற்களை அடுக்கிக் கட்டிய வீட்டுக்குள் இருந்துகொண்டு சொல்லை நம்ப முடியாது என்பது, உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டுவதுதான்.

இதிலிருந்து நோயாளி சொல்வதெல்லாம் சரி என்று ஆகாது. அளவை நூலோர் கறாரானவர்கள். காட்சி எதைத் தொடுகிறதோ அதற்கு மட்டும்தான் அது சான்று. வலி இருக்கிறது, எரிச்சலாக இருக்கிறது, இரவில் கூடுகிறது என்பவை தன்வேதனையில் அறியப்படுபவை. இவற்றில் நோயாளியை மிஞ்சிய அதிகாரி கிடையாது. அது நரம்பால் வந்ததா, பி12 குறைவால் வந்ததா, தைராய்டால் வந்ததா, செருப்பு மாற்றியதால் வந்ததா என்பதில் அவருக்குத் தனி அதிகாரம் ஏதுமில்லை. இங்கே கருதல்தான் வழி. பயாப்ஸியும் ரத்தச் சோதனையும் தம் முழு மதிப்பைப் பெறுவது இந்த இரண்டாம் கேள்வியில். நுண்நரம்புச் சிதைவு தெரிந்தால் அதன் மூலத்தைத் தேடலாம். சிலருக்கு மருந்தால் தீரக்கூடிய மூலம் அகப்படும். உண்டா இல்லையா என்ற கேள்விக்கும் ஏன் என்ற கேள்விக்கும் இடையிலுள்ள வரப்பை அழித்துவிடுவதால் இரு பக்கமும் கெடுகிறது: காரணம் அகப்படாததால் வலியை மறுக்கும் மருத்துவரும், வலி மறுக்க முடியாதது என்பதால் தான் நினைக்கும் காரணமும் மறுக்க முடியாதது என்று நம்பி ஊர்ஊராக எண்ணெய் வாங்கும் நோயாளியும் அழித்தது ஒரே வரப்பைத்தான்.

பொய் சொல்பவர்கள் இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறார்கள். தன்வேதனை பொய்க்காது என்றாலும் அதை எடுத்துச் சொல்லும் வாய் பொய்க்கலாம். நமக்கு வந்து சேர்வது அவருடைய காட்சி அன்று, அவருடைய உரை. இது கனமான ஆட்சேபம். நியாய மரபு இதற்கு நல்ல அளவுகோல் ஒன்றை வைத்திருக்கிறது. யாருடைய உரை சான்றாகும்? பொருளை நேரே அறிந்தவராகவும், அறிந்ததை அறிந்தபடி சொல்லும் விருப்பம் உள்ளவராகவும் இருப்பவருடைய உரை. நியாய சூத்திரத்துக்கு உரை எழுதிய வாத்ஸ்யாயனர், இந்த இலக்கணம் முனிவருக்கும் ஆரியருக்கும் மிலேச்சருக்கும் ஒன்றேதான் என்கிறார். யார் பேசுகிறார் என்பதை வைத்து நம்பகத்தைக் கூட்டிக் குறைக்காதே என்பது அதன் பொருள். நம் வழக்கமோ நேர் எதிர். நடுத்தர வயதுப் பெண் சொன்னால் ஒரு தள்ளுபடி, படிக்காதவர் சொன்னால் இன்னொன்று, ஏற்கெனவே நான்கு மருத்துவரைப் பார்த்தவர் சொன்னால் மொத்தமாகவே தள்ளுபடி. இந்த அநீதிக்கு மிராண்டா ஃப்ரிக்கர் என்ற ஆங்கிலேயத் தத்துவவாதி 2007-இல் ஒரு நூலே எழுதினார்: ஒருவரை அறிவின் ஊற்றாகவே மதிக்க மறுப்பது என்ற தனி வகைத் தீங்கு அது என்றார். பொய் சொல்ல ஒருவருக்குக் காரணம் இருப்பதாகக் குறிப்பான சான்று இருந்தால் ஐயப்படலாம். பொய் சொல்லக்கூடியவர்கள் உலகத்தில் இருக்கிறார்கள் என்ற பொதுச்செய்தி அதற்குப் போதாது. அது போதுமென்றால் மருத்துவரின் டிகிரியையும் நாம் நம்ப வேண்டியதில்லை. மணிமேகலையில் காட்சியைத் தவிர வேறு அளவையே இல்லை என்னும் பூதவாதியிடம், அப்படியானால் உன் தாய் தந்தையரை எப்படி அறிந்தாய் என்று கேட்டு மணிமேகலை சிரிக்கிறாள். கண்ணால் பார்த்தால்தான் நம்புவேன் என்பவர்களுக்கு அந்தச் சிரிப்பு இன்னும் பாக்கி இருக்கிறது.

இதைவிட நுட்பமான ஆட்சேபம், பொய் இல்லாமலே தவறு நேரலாமே என்பது. தத்துவவாதி தேக்கார்த் 1641-இல் வெளியிட்ட ‘தியானங்கள்’ நூலின் ஆறாவது தியானத்தில் பாதவலியைத்தான் உதாரணமாக எடுக்கிறார். பாதத்திலிருந்து வரும் நரம்பு கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு, கழுத்து வழியாக மூளைக்குப் போகிறது. நடுவில் எங்கே இழுபட்டாலும் பாதத்தில் வலிப்பதாகவே தோன்றும் என்கிறார். காலை வெட்டி எடுத்த பிறகும் இல்லாத விரலில் குடைச்சல் எடுப்பவர்கள் உண்டு. அப்போது தன்வேதனை பொய்த்ததா? பொய்த்தது இடம் பற்றிய தீர்மானம். காட்சி, ஐயமும் திரிபும் அற்றதாக இருக்க வேண்டும் என்று சித்தியாரும் நிபந்தனை போடுகிறது. திரிபு புகுவது ‘இது பாதத்தில் இருக்கிறது’ என்ற பகுதியில்; ‘வலிக்கிறது’ என்ற பகுதியில் அது புக இடமில்லை. கயிற்றைப் பாம்பென்று கண்டவனுக்குப் பாம்பு பொய், அவன் நெஞ்சு அடித்துக்கொண்டது பொய்யில்லை. சர்வதேச வலி ஆய்வுச் சங்கம் 1979-இல் வகுத்து 2020-இல் திருத்திய வரையறையும் இதே வரப்பில்தான் நடக்கிறது. திசுவுக்குச் சேதம் இருந்தாலும் சரி, சேதம் இருப்பதைப் போன்ற அனுபவம் மட்டும் இருந்தாலும் சரி, இரண்டும் வலிதான். வலியும் நரம்பின் சமிக்ஞையும் ஒன்றல்ல. வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால் அதை மதிக்க வேண்டும் என்று அதன் குறிப்புகள் சொல்கின்றன. பேச முடியாதவருக்கு வலியில்லை என்று ஆகிவிடாது என்ற எச்சரிக்கையும் அதில் உண்டு. அது வேண்டியிருந்தது. 1980-கள் வரையிலும் பச்சிளங்குழந்தைகளுக்குப் போதிய மயக்க மருந்தில்லாமல் அறுவை செய்தார்கள், வலியை உணரும் அளவுக்கு அவற்றின் நரம்பு முதிரவில்லை என்ற நம்பிக்கையில். வாய் திறந்து சொல்ல முடியாதவரின் உரை, அழுகையும் சுருங்கும் முகமும்தான். அதையும் ‘ஆம்’ போட்டே கேட்டிருக்கிறோம்.

மதத்தின் பக்கமிருந்து வரும் ஆட்சேபம் வேறு மாதிரி. அது வலியை மறுப்பதில்லை, விளக்கிவிடுகிறது. ‘போன பிறவியில செஞ்சது, அனுபவிச்சுத்தான் தீரணும்.’ வினைக்கொள்கையை நம்புவோரை நான் கிண்டல் செய்யவில்லை. என் கேள்வி, அந்த விளக்கம் மருந்துச்சீட்டின் இடத்தில் வந்து உட்காரலாமா என்பது. வினையை நம்பிய மரபுக்குள்ளிருந்தே இதற்கு மறுப்பு உண்டு. பௌத்தரின் சம்யுத்த நிகாயத்தில் மோளியசீவகன் என்ற துறவி புத்தரிடம் வந்து, மனிதர் படும் இன்பதுன்பம் எல்லாம் முன்வினையால்தான் என்று சிலர் சொல்கிறார்களே என்று கேட்கிறான். புத்தர் பித்தம், கபம், வாதம், மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், உடம்பைச் சரியாகப் பேணாமை, பிறர் தாக்குதல் என்று ஏழு காரணங்களை அடுக்கி, எட்டாவதாக மட்டும் வினையைச் சொல்கிறார். எல்லாம் வினையென்பவர்கள் தாமே அறிந்ததையும் உலகம் அறிந்ததையும் மீறிப் போகிறார்கள் என்கிறார். ‘தாமே அறிந்தது’ என்ற அந்தச் சேர்க்கைதான் எனக்கு முக்கியம். தன்வேதனையை மீறிக்கொண்டு கொள்கை பேசாதே என்று அதைப் படிக்கலாம். அதே நிகாயத்தின் இரண்டு அம்பு உவமையை இக்காலத் தியான வகுப்புகளில் அதிகம் எடுத்துக்காட்டுகிறார்கள்: முதல் அம்பு உடம்பின் வலி, இரண்டாவது அதைப் பற்றிய மனப்புலம்பல். மனதைப் பயிற்றுவதால் வலியோடு வாழ்வது சற்று இலகுவாகலாம் என்பது மெய்தான். ஆனால் உவமையில் முதல் அம்பு உண்மையாகவே தைத்திருக்கிறது. நோயாளியிடம் ‘எல்லாம் மனசுதான்’ என்பவர் முதல் அம்பைத் திருடிவிட்டு இரண்டாவதைப் பற்றி உபதேசம் செய்கிறார்.

சைவ மரபில் மிகப் புகழ்பெற்ற வலி, திருநாவுக்கரசரின் சூலை. அதுவும் வெளியில் தெரியாத நோய். வயிற்றுக்குள் குடரை முறுக்கியது. சேக்கிழார் அதை இறைவன் அருளால் வந்ததாகச் சொல்கிறார், அதாவது அதற்குத் தெய்வ விளக்கம் தயாராக இருக்கிறது. ஆனால் கதைக்குள் இருப்பவர்கள் நடந்துகொள்ளும் விதம் கவனிக்கத்தக்கது. சமண முனிவர்கள் மந்திரித்த நீர் கொடுத்தார்கள், மயிற்பீலியால் தடவினார்கள், தீராதபோது தங்களால் ஆகாது என்று கைவிட்டார்கள். அவர்களைச் சேக்கிழார் எதிர்க்கட்சியாக நிறுத்துகிறார். அப்படியிருந்தும், நோயே இல்லை என்று அவர்களில் யாரும் சொன்னதாக எழுதவில்லை. பிறகு நாவுக்கரசர் தம் ஆளைத் திருவதிகைக்குத் தமக்கை திலகவதியாரிடம் அனுப்புகிறார். வந்தவன் கொண்டுவந்தது ஒரு சொல் மட்டும்: உங்கள் தம்பிக்குச் சூலையாம், தீரவில்லையாம். சமணத்துக்கு மாறி வீட்டைவிட்டுப் போன தம்பி. சந்தேகப்படத் திலகவதியாருக்குக் காரணம் இல்லாமலில்லை. சமணர் இருக்கும் இடத்துக்கு நான் வரமாட்டேன் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். வலி மெய்யா என்று ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அன்றிரவே தம்பி வந்து காலில் விழுந்தபோது அவர் கையில் திருநீறு இருந்தது.